மருந்து செல்லும் வழி

கோவண்டியில் நம்மவர் குடியிருக்கும் வீடுகளில் பெரும்பாலானவை ஒரே அறை கொண்டவை. அந்த அறையில் சுவாமி படமோ வேதப் புத்தகமோ வைக்கும் பலகை ஒன்று உண்டு. அதன் ஓரத்தில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்றும் தவறாமல் இருக்கும். பாதி தின்ற மாத்திரை அட்டைகளும், மடித்துக் கசங்கிய மருந்துச் சீட்டுகளும், மூடி இறுகிப்போன இருமல் மருந்துப் புட்டியும் அதனுள் கிடக்கும். பகுதி நேரத்தில் சங்க வேலையாக வீடு வீடாகச் செல்லும் நம்மிடம் அந்த டப்பாவைத் திறந்து காட்டி, "அண்ணாச்சி, இதுல எது காய்ச்சலுக்கு, எது வயித்துக்கு?" என்று கேட்காத தாய்மார்கள் குறைவு. அட்டையில் அச்சிட்டிருப்பது ஆங்கிலம். மருத்துவர் பேசுவது இந்தியோ மராத்தியோ. நோயோ தமிழ் பேசும் உடலில் வந்திருக்கிறது. இந்த இடைவெளியில்தான் பல துன்பங்கள் விளைகின்றன. மருத்துவம் செய்வது மருத்துவர் பொறுப்பு. ஆயினும் விழுங்கும் மாத்திரை உடலுக்குள் சென்று என்ன செய்கிறது என்பதை அறிந்துகொள்ளும் உரிமையும் கடமையும் நமக்கு உண்டு.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிடுவோம். தலைவலி மாத்திரை தலைக்குப் போகிறது, மூட்டுவலி மாத்திரை மூட்டுக்குப் போகிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மாத்திரைக்கு முகவரி தெரியாது. அது இரைப்பையில் கரைந்து, சிறுகுடலின் சுவர் வழியே இரத்தத்தில் சேர்ந்து, முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் அதில் ஒரு பங்கை உருமாற்றிவிட்டு எஞ்சியதை அனுப்ப, இரத்தம் அதை உச்சி முதல் உள்ளங்கால் வரை சுமந்து செல்கிறது. எந்த இடத்தில் அதற்குப் பொருந்தும் பூட்டு இருக்கிறதோ, அந்த இடத்தில் சாவியைப்போல் நுழைந்து வேலை செய்கிறது. வேண்டிய இடத்துப் பூட்டைத் திறந்தால் அது குணம்; வேண்டாத இடத்துப் பூட்டையும் திறந்தால் அதைப் பக்கவிளைவு என்கிறோம். வேலை முடிந்தபின் கல்லீரலும் சிறுநீரகமும் அதை வெளியேற்றுகின்றன. ஒரு மாத்திரையைக் காலையில் ஒருமுறை, இன்னொன்றை எட்டு மணிக்கு ஒருமுறை என்று மருத்துவர் எழுதுவது, அது இரத்தத்தில் எவ்வளவு நேரம் தங்கும் என்ற கணக்கைப் பொறுத்ததே.

இனி டப்பாவில் உள்ளவற்றை வகை பிரித்துப் பார்ப்போம்.

எல்லா வீட்டிலும் இருப்பது காய்ச்சல், வலி மாத்திரைகள். இவற்றில் பாராசிட்டமால் ஒரு வகை. அது மூளையில் உடலின் வெப்பத்தைச் சரிபார்க்கும் பகுதியின்மீது செயல்பட்டுக் காய்ச்சலைத் தணிக்கிறது, வலியையும் குறைக்கிறது. அளவோடு உட்கொண்டால் சாதுவான மருந்து. ஆயினும் வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல், உட்கொண்டால் கல்லீரலைக் கெடுக்க வல்லது. குடிப்பழக்கம் உள்ளவருக்கு அந்த எல்லை இன்னும் குறைவு. சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை என்று வெவ்வேறு பெயரில் விற்கும் பலவற்றுள்ளும் இதே பாராசிட்டமால் கலந்திருப்பதால், மூன்று மருந்து உண்பதாக எண்ணி ஒரே மருந்தை மும்மடங்கு உண்பவர்கள் உண்டு.

ஐபூபுரூஃபன், டைக்குளோஃபினாக் போன்றவை மற்றொரு வகை. உடலில் அடிபட்ட இடத்தில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து வீக்கத்தையும் வலியையும் உண்டாக்குகிறது. இம்மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்பதை 1971 ஆம் ஆண்டில் ஜான் வேன் என்ற ஆங்கில விஞ்ஞானி கண்டறிந்தார். 1982 இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஆனால் அதே புராஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உட்சுவரைப் புளிப்பிலிருந்து காக்கிறது. சிறுநீரகத்துக்கு இரத்தம் செல்லவும் துணை செய்கிறது. வலியை நிறுத்தும் கை காவலையும் நிறுத்திவிடுகிறது. மூட்டை தூக்கும் நம் சகோதரர்கள் சிலர் வேலைக்குப் போகுமுன்பே வெறும் வயிற்றில் வலி மாத்திரையைப் போட்டுக்கொள்வதைக் காண்கிறோம். வயிற்றுப் புண்ணுக்கும் சிறுநீரகக் கேட்டுக்கும் அது வழி வகுக்கும்.

வயிற்றெரிச்சல் மருந்துகளும் ஒரே வகையின அல்ல. வெள்ளைப் பால்போல் குடிக்கும் மருந்து, சுரந்துவிட்ட புளிப்பை அந்த நேரத்துக்கு மாற்றுகிறது. பலன் உடனே தெரியும், விரைவில் போய்விடும். ஃபாமோட்டிடின் போன்றவை புளிப்பைச் சுரக்கச் சொல்லும் கட்டளையைத் தடுக்கின்றன. ஒமிப்பிரசோல், பேண்டோப்பிரசோல் ஆகியவையோ புளிப்பைப் பொழியும் இறைப்பொறியையே அடைத்துவிடுகின்றன. அப்பொறி உணவு வரும்போதுதான் ஓடத் தொடங்கும். ஆகையால் இவற்றைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பாக உட்கொள்ள வேண்டும். சாப்பிட்டபின் விழுங்கிவிட்டு, மருந்து பலிக்கவில்லை என்பதில் பொருளில்லை.

மூன்றாவது வகை, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரியவை. அம்லோடிப்பின் இரத்தக் குழாயின் தசைக்குள் கால்சியம் புகுவதைக் குறைத்து, இறுகிய குழாயைத் தளர்த்துகிறது. எனலாப்பிரில் போன்றவை குழாயை இறுக்கும் ஒரு பொருள் உடலில் உருவாவதையே தடுக்கின்றன. இவ்வகையின் முதல் மாத்திரைக்கு வழி காட்டியது பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சு என்றால் வியப்பாக இருக்கும். சர்க்கரை நோயில் மெட்ஃபார்மின் கல்லீரல் வெளியிடும் சர்க்கரையைக் குறைக்கிறது. கிளிமிப்பிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. இரண்டாவதை விழுங்கிவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், இரத்தச் சர்க்கரை அளவுக்குமேல் இறங்கி வியர்த்து மயங்கி விழ நேரலாம். இரவுப் பணிக்குச் செல்வோர் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

இவ்வகை மருந்துகள் நோயை அடக்குவனவே அன்றி ஒழிப்பன அல்ல. மாத்திரை உண்ணும்வரை அழுத்தம் சரியாக இருக்கும், நிறுத்தினால் ஏறும். எண்ணிக்கை சரியாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு என்று நிறுத்துவது, குடை பிடித்ததால் நனையவில்லை என்பதை மறந்து ஆடி மழையில் குடையை மடிப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது வகை, கிருமிகளைக் கொல்லும் மருந்துகள். மேற்சொன்ன யாவும் நம் உடலின்மீது வேலை செய்பவை. இவையோ நம் உடலுக்குள் குடிபுகுந்த வேறோர் உயிரின்மீது வேலை செய்பவை. 1928 இல் ஃபிளெமிங் கண்ட பெனிசிலினும் அதன் வழிவந்த மருந்துகளும் கிருமியின் சுவரைக் கட்டவிடாமல் செய்கின்றன. நம் உயிரணுக்களுக்கு அத்தகைய சுவர் கிடையாது; ஆதலால் கிருமி மடிகிறது, நாம் பிழைக்கிறோம். அசித்ரோமைசின் கிருமி தன் புரதங்களைச் செய்துகொள்ளும் பட்டறையை நிறுத்துகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அங்கே தலைமை தாங்கிய ஆய்வுக்கூடத்திலிருந்துதான், டெட்ராசைக்கிளின் வகையின் முதல் மருந்தாகிய ஆரியோமைசின் வெளிவந்தது.

சாதாரண ஜலதோஷத்தையும் ஃபுளூ காய்ச்சலையும் உண்டாக்கும் வைரசுக்குச் சுவரும் இல்லை, பட்டறையும் இல்லை. ஆகையால் இம்மருந்துகள் அவற்றைத் தொடா. தேவையில்லாதபோது உண்டால், உடலில் உள்ள வேறு கிருமிகளுள் எளியவை சாக, வலியவை எஞ்சிப் பெருகும். மாத்திரை அட்டையின் ஓரத்தில் நெடுகச் சிவப்புக் கோடு இருந்தால், அதை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்கலாகாது. இந்த அடையாளத்தை மக்களுக்கு உணர்த்த இந்திய அரசு 2016 இல் ஓர் இயக்கமே நடத்தியது.

இவ்வளவும் சொல்லிவந்தது, கோவண்டிக்கு உரிய ஒரு செய்தியைச் சொல்வதற்காகவே. அது காசநோய். நம் பாட்டிமார் எலும்புருக்கி என்று பெயரைச் சொல்லவும் அஞ்சிய அந்நோய், இந்நகரில் இன்னும் நம்மோடு வாழ்கிறது. தேவனார் குப்பைமேட்டின் புகை, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் அடுக்குக் கட்டடங்கள், பகலிலும் விளக்கெரியும் அறைகள் ஆகியவற்றை அறியாதவர் நம்முள் இல்லை. கோவண்டி நட்வர் பாரேக் வளாகம், மான்கூர்டு லல்லுபாய் வளாகம் ஆகிய குடியிருப்புகளில் நடத்தி 2018 இல் வெளியான ஆய்வு ஒன்று, வெளிச்சமும் காற்றும் குறைந்த கீழ்த்தள வீடுகளில் இந்நோய் மிகுதி என்று காட்டிற்று. இது காற்றின் வழியே பரவும் நோய்; உணவாலோ பாத்திரத்தாலோ பரவுவதன்று.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பக்கத்து வரிசையில் குடியிருந்த திருநெல்வேலிச் சீமை இளைஞர் ஒருவருக்கு இந்நோய் கண்டது. சைக்கிளில் இட்லி கட்டிக்கொண்டு செம்பூர் வரை சென்று விற்பது அவர் தொழில். மனைவியும் இரு குழந்தைகளும் உண்டு. மாநகராட்சி மருத்துவமனையில் சளியைச் சோதித்து, விலையின்றி மருந்து கொடுத்தார்கள். செய்தி வெளியே தெரிந்தால் வாடிக்கை போய்விடும் என்று அஞ்சி, அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடை கூடியது, முகம் தெளிந்தது. ஆடி மாதத்தில் ஊர்க்கோயில் கொடைக்குச் சென்றவர் ஒன்றரை மாதம் தங்கிவிட்டார். எடுத்துச் சென்ற மருந்து பாதியிலேயே தீர்ந்தது. திரும்பி வந்தபின்னும் மருந்தைத் தொடவில்லை. மார்கழியில் இருமல் மீண்டது.

அப்போது அவர் சென்றது ஒரு சிறிய தனி மருத்துவரிடம். அங்கே ஊசியும், ஸ்டீராய்டு மாத்திரையும், லீவோஃபுளோக்சசின் என்ற கிருமிநாசினியும் கிடைத்தன. மூன்று வாரம் நன்றாக இருந்தார். ஏன் என்பதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு உடலின் கொந்தளிப்பைத் தணிக்கும் மருந்து. ஆஸ்துமா முதலிய பல நோய்களில் உயிர் காப்பது. ஆனால் கிருமி உள்ளே இருக்க இதைத் தனியே கொடுத்தால், காவலனைத் தூங்கவைத்தது போலாகும். வீட்டில் சத்தம் இராது, திருடன் உள்ளே இருப்பான். லீவோஃபுளோக்சசினோ காசநோய்க் கிருமியை ஓரளவு தாக்கவல்லது. ஒற்றை மருந்தாகக் கொடுத்தால் நோயைக் கொல்லாமல் மறைத்துவைக்கும்; பின்னர் அந்த மருந்தும் பலிக்காமற் போக இடம் உண்டாகும்.

அவர் நிலை மோசமானபின்தான் அவருடைய மனைவி நம் வீட்டுக் கதவைத் தட்டினார். மருத்துவமனைக்கு உடன் சென்றோம். ரிஃபாம்பிசின் பலிக்காத காசநோய் என்று சோதனை சொல்லிற்று. வெளியே மர பெஞ்சில் அமர்ந்திருந்தபோது அவர் கேட்டார்: "நல்லாத்தானே இருந்தேன் அண்ணாச்சி. நல்லா இருக்கிறவன் எதுக்கு மாத்திரை திங்கணும்?"

அந்தக் கேள்வியில் குற்றம் எதுவும் இல்லை. அதற்கு விடை சொல்லாமல் மருந்தை மட்டும் கொடுத்தனுப்பியதே குற்றம். விடை இதுதான். காசநோய்க் கிருமிகள் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதில்லை. சில வேகமாகப் பெருகும்; சில மெல்ல நகரும்; சில தூங்கிக் கிடக்கும். நான்கு மருந்துகளும் நான்கு விதமாகத் தாக்குகின்றன. ஐசோனியாசிடு, மெழுகு போன்ற கிருமியின் மேலுறையைச் செய்யவிடாமல் தடுத்து, பெருகும் கிருமிகளை விரைந்து கொல்கிறது. எத்தாம்பியூட்டால் அதே சுவரின் வேறொரு பகுதியைத் தடுக்கிறது. ரிஃபாம்பிசின், கிருமி தன் கட்டளைகளைப் படியெடுக்கும் பொறியை நிறுத்தி, அரைத்தூக்கத்தில் இருப்பவற்றையும் விடாது அழிக்கிறது. பைராசினமைடு புளிப்பான இடங்களில் பதுங்கியிருப்பவற்றைத் தேடிக் கொல்கிறது. முதல் இரண்டு மாதம் நான்கும், பின் நான்கு மாதம் பைராசினமைடு நீங்கலாக மூன்றும் தருவது வழக்கம். முதற் சில வாரங்களில் பெருகும் கூட்டம் மடிவதால் இருமல் நிற்கிறது. தூங்குபவை அப்போதும் உள்ளே இருக்கின்றன. நாம் நலமாக உணர்வது நோய் போனதற்கு அடையாளமன்று. நோயின் பாதிப் படை போனதற்கு அடையாளம்.

நான்கு மருந்துகள் எதற்கு என்பதற்கும் காரணம் உண்டு. கோடிக்கணக்கான கிருமிகளுள் ஏதாவது ஒரு மருந்துக்கு அடங்காத சில இயல்பாகவே இருக்கும். ஒரு மருந்து மட்டும் கொடுத்தால் அவை எஞ்சிப் பெருகும். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றால் மடியும். இடையில் நிறுத்துவதும், சிலவற்றை மட்டும் உண்பதும், தப்பியவற்றுக்கு நாமே கதவைத் திறந்துவிடுவதாகும்.

மருந்தை நிறுத்துவோர் பலர் அச்சத்தால் நிறுத்துகின்றனர். ரிஃபாம்பிசின் உண்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அது இரத்தமன்று, மருந்தின் சாயம். ஐசோனியாசிடால் கை கால் மதமதப்பு வரலாம். பைரிடாக்சின் என்ற வைட்டமின் அதைத் தடுக்கும். ஆனால் கண் மஞ்சளாதல், ஓயாத வாந்தி, பார்வை மங்குதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மேலும் ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடுவதால், சர்க்கரை மாத்திரைகள் சிலவும் கருத்தடை மாத்திரையும் விரைவில் கரைந்து பலன் குன்றும். ஆகவே வீட்டில் உண்ணும் எல்லா மருந்துகளையும் மருத்துவரிடம் எடுத்துக் காட்டுவது அவசியம்.

தவறு நோயாளிகள் பக்கம் மட்டும் இருந்ததில்லை. 1991 இல் வெளியான ஓர் ஆய்வில், மும்பையில் நூறு தனி மருத்துவர்கள் காசநோய்க்கு எண்பது விதமான மருந்து முறைகளை எழுதியது தெரியவந்தது. 2010 இல் தாராவியில் மீண்டும் பார்த்தபோது, 106 மருத்துவர்களுள் ஆறு பேரே சரியான சீட்டை எழுதினார்கள்.

இங்கே தமிழர் பெருமைப்படத்தக்க ஒரு வரலாற்றையும் சொல்ல வேண்டும். 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கியது. அக்காலத்தில் காசநோய் என்றால் மலைக்காற்றும் பாலும் முட்டையும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில்தான் குணமாகும் என்று உலகம் நம்பியது. சென்னை நிலையத்தார் ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மறு பிரிவினர் நெருக்கமான தம் வீடுகளில், குறைந்த உணவில். இருவருக்கும் ஒரே மருந்து. 1959 இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தனர். அவர்கள் குடும்பத்தாருக்கு அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. மருந்தை ஒழுங்காக உண்பதே குணத்தின் அடிப்படை என்று உலகுக்குக் காட்டியவர்கள் சென்னையின் எளிய மக்கள். அந்த நிலையமே இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. நம்மைப் போன்ற ஒற்றை அறைக் குடும்பங்களுக்கு இதைவிட நம்பிக்கை தரும் செய்தி வேறில்லை.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்னாளில் கானமைசின் போன்ற ஊசிகளை மாதக்கணக்கில் போட்டார்கள். அவை உட்செவியின் நுண்ணிய உணர்மயிர்களை அழிக்கவல்லவை. காசநோய்ச் சிகிச்சையில் செவித்திறனை இழந்தவர் மும்பைப் பத்திரிகையாளர் நந்திதா வெங்கடேசன். அவரும் தென்னாப்பிரிக்காவின் பும்ேசா டிசிலேயும் சேர்ந்து, பெடாகுயிலின் என்ற புதிய மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கலாகாது என்று இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் வாதிட்டனர். 2023 மார்ச்சில் அந்த நீட்டிப்பு மறுக்கப்பட்டது. பெடாகுயிலின், கிருமி தன் சக்தியை உண்டாக்கும் பொறியை நிறுத்துவது, வாயால் உண்பது. அதைச் சேர்த்த, ஆறு மாத அளவில் முடியும் புதிய மருந்து முறைக்கு 2024 இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது.

நம் இட்லிக்கார இளைஞருக்கு அந்தக் குறுகிய முறை அப்போது கிடைக்கவில்லை. பெடாகுயிலின் சேர்ந்த மருந்துகளைப் பதினெட்டு மாதம் உண்டார். மைத்துனர் சைக்கிளை ஏற்றுக்கொண்டார். மனைவி விடியற்காலம் மாவரைத்தார். பிள்ளைகளையும் சோதித்தார்கள், நோய் இல்லை. இளைஞர் குணமடைந்தார். ஆயினும் இளைத்த நுரையீரல் முன்போல் இல்லை. பாலத்து ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறார். ஆறு மாதத்தில் முடிய வேண்டியது அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஆகவே அன்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவன சில. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். மாநகராட்சி மருத்துவமனைகளில் அதற்கும் மருந்துக்கும் பணமில்லை. சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக அரசு தரும் மாத உதவி, 2024 நவம்பர் முதல் 500 ரூபாயிலிருந்து 1000 ரூபாயாக உயர்ந்துள்ளது. ஊருக்குப் போவதானால் முன்கூட்டியே சொல்லுங்கள். பதிவை ஊர் மருத்துவமனைக்கு மாற்றி அங்கேயே மருந்து தருவார்கள். ஒரே வீட்டில் வாழ்வோருக்கு நோய் வராமல் தடுக்கும் மருந்தும் உண்டு. எந்த மருந்தையும் தொடங்கும்போது, "இது நோயை அடக்குமா, ஒழிக்குமா? எத்தனை நாள்?" என்று மருத்துவரைக் கேளுங்கள். மொழி தடையானால் சங்கத்தார் எவரையும் அழையுங்கள், உடன் வருகிறோம்.

அண்டை வீட்டார்க்கும் ஒரு சொல். சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே நோய் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். நோயுற்றவரிடம் இட்லி வாங்குவதை நிறுத்துவோமானால், அடுத்தவர் தம் நோயை மறைக்கவே கற்றுக்கொள்வார். மறைக்கும் நோய்தான் நம் ஒற்றை அறைகளில் பரவுகிறது.